சுழலும் மரத்தின் முன் எது உளியாகலாம்?

மரக் கடைசலில் மரம் சுழலும், கருவி நிற்கும். நிற்கும் அந்தக் கருவி எதுவாக இருக்கலாம் என்ற கேள்விக்கு வயது அதிகம். எகிப்தின் துனா எல் கெபலில் உள்ள பெட்டோசிரிசின் கல்லறையில், கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டிய புடைப்புச் சிற்பம் ஒன்று இருவர் சேர்ந்து மரம் கடைவதைக் காட்டுகிறது. ஒருவர் வாரை இழுத்து மரத்தைச் சுழற்றுகிறார், மற்றவர் கருவியைப் பிடித்திருக்கிறார். அதன் பிறகு சுழலும் மரத்தின் மேல் மனிதர்கள் எத்தனையோ விதமான கூர்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள்: கொல்லர் அடித்துக் கொடுத்த கொக்கி, தேய்ந்துபோன அரம், இரும்பு லேத்தின் வெட்டுமுனை, கார்பைடு வில்லை, சங்கிலிப் பல் பூட்டிய கிரைண்டர். புதிதாக ஒன்று வரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுகின்றன. ‘இது கடைசல் உளியே இல்லை’ என்கிறது ஒன்று. ‘சாமான் வழவழப்பாக வந்துவிட்டதே, பிறகென்ன?’ என்கிறது மற்றொன்று.

இரண்டுமே கேள்வியின் பாதியைத்தான் தொடுகின்றன என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. பரம்பரை இல்லை என்பதற்காக ஒரு கருவியைத் தள்ளிவிட முடியாது. கடைந்த பொருள் அழகாக வந்தது என்பதற்காக மட்டும் அதை ஏற்கவும் முடியாது. வேலை தவறிப்போகும் நொடியில் விசை எந்த வழியாக எங்கே போகிறது, எது உடைகிறது, உடைந்தது யார்மேல் விழுகிறது என்பதே முதல் அளவுகோலாக இருக்க வேண்டும். பரப்பின் நேர்த்தி, வேகம், கைத்திறன் ஆகியவை அதன் பிறகே வருகின்றன. இந்த வரிசையை மனத்தில் கொண்டு முக்கியமான தரப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வழக்கம் என்பது யாருடைய வழக்கம்?

இன்று ‘வழக்கமான கடைசல் உளிகள்’ என்று சொல்லப்படும் தொகுதி பெரும்பாலும் ஆங்கில நூல்களும் அவற்றைப் பின்பற்றிய பயிற்சிகளும் பரப்பியது. குழிந்த வாயுடைய கௌஜ், சாய்ந்த வாயுடைய ஸ்கியூ, துண்டிக்க உதவும் பார்ட்டிங் உளி, தட்டையான ஸ்கிரேப்பர் ஆகியவை அதில் அடங்கும். அந்த இங்கிலாந்திலேயே 1680ஐ ஒட்டி ஜோசப் மாக்சன் எழுதிய கைத்தொழில் நூல், மென்மரம் கடைவதற்கான கருவிகளில் கொக்கியையும் சேர்த்திருந்தது. பிறகு வந்த நூல்களில் அது மங்கிவிட்டது. ஆனால் தொழிலில் அது சாகவில்லை. பெர்க்‌ஷயரின் பக்கிள்பரி பொதுநிலத்தில் 1958இல் இறக்கும்வரை மிதிகம்பு லேத்தில் எல்ம் மரக் கிண்ணம் கடைந்த ஜார்ஜ் லெய்லி அதைத்தான் நம்பியிருந்தார். அவருடைய லேத்தும் கருவிகளும் ரெடிங்கில் உள்ள ஆங்கில ஊரக வாழ்வு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

லெய்லியின் கருவி நீண்ட இரும்புக் கம்பி. அதன் நுனி சிறு கொக்கியாக வளைத்து அடிக்கப்பட்டு, வளைவின் விளிம்பில் கூர் ஏற்றப்பட்டிருக்கும். மிதிக்கும்போது மரம் ஒரு பக்கமும், காலை எடுத்தால் மறுபக்கமும் சுழல்வதால் மிதிக்கும் நேரத்தில் மட்டுமே வெட்டு விழும். கொக்கி கிண்ணத்தின் உட்சுவரை ஒட்டி வளைந்து இறங்கும், நடுவில் ஒரு முழுக் கட்டை மிஞ்சும். அந்தக் கட்டையிலிருந்து அடுத்த சிறிய கிண்ணம் பிறக்கும், அதன் உள்ளிருந்து இன்னொன்று. ஒரே மரத்துண்டிலிருந்து ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள் இப்படிக் கிடைத்தன. நேரான கௌஜால் இந்த வளைவுக்குள் இறங்க முடியாது. கடையில் விற்கும் உளித் தொகுதியை மட்டும் அறிந்தவர் கண்ணுக்கு லெய்லியின் கொக்கி விபரீதக் கருவியாகப் படும். அந்த வேலைக்கோ அதுவே இயல்பான கருவி.

ஐரோப்பாவுக்கு வெளியே பார்த்தால் வழக்கத்தின் எல்லை இன்னும் விரிகிறது. ஜப்பானில் பேரரசி ஷோதோகுவின் ஆணைப்படி 764 முதல் 770 வரை பத்து லட்சம் சிறு மரக்கோபுரங்கள் கடையப்பட்டதாகப் பதிவு உள்ளது. அவற்றில் பல ஹோர்யூ-ஜி கோவிலில் இன்றும் காக்கப்படுகின்றன. அந்த மரபின் வழிவந்த யாமனகா ஊர்க் கடைசல்காரர்கள் தங்கள் வெட்டுக்கருவிகளைத் தாங்களே உலையில் காய்ச்சி அடித்துக்கொள்கிறார்கள். கடைசல் கற்பவர் கொல்லு வேலையும் கற்றாக வேண்டும். மொரோக்கோவின் மராகேஷில் ஒரு கையால் வில்லை இழுத்து, மறுகையும் கால்விரல்களுமாக உளியைப் பிடித்துக் கடைகிறார்கள். கர்நாடகத்தின் சென்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்காவிலும் வெட்பாலை மரத்தைக் கடைந்து முடித்ததும், சுழலும் பொம்மையின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு இளகிப் படிய, தாழையோலையை வைத்துத் தேய்த்து மினுக்கு ஏற்றுகிறார்கள். ஓர் ஓலைகூடக் கடைசல் பட்டறையின் கருவிதான். ஆகவே ‘வழக்கத்துக்கு மாறானது’ என்ற சொல், எந்த ஊரின், எந்தக் காலத்தின் வழக்கம் என்று சேர்த்துச் சொன்னால்தான் பொருள் தரும். இது முதல் முடிவு. ஆனால் இதிலிருந்து ‘எதுவும் சரி’ என்று தாவிவிடவும் கூடாது. மேலே சொன்ன ஒவ்வொரு மரபும் தன் மரம், தன் வேகம், தன் லேத் ஆகியவற்றோடு நீண்டகாலம் உரசிப் பார்த்துத் தன் கருவியைத் தேர்ந்துகொண்டது.

‘வெட்டு, சுரண்டாதே’ என்னும் தரப்பு

உளியின் சரிவுமுகம் மரத்தில் படிந்து உரச, அதன் தாங்குதலில் வாய் நாரை வெட்ட வேண்டும் என்பது இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கடைசல் நூல்களின் மையப் பாடம். 1950களில் ஃபிராங்க் பெயின், 1971இல் பீட்டர் சைல்ட், 1990இல் கீத் ரௌலி எனத் தொடரும் வரிசை இதை வலியுறுத்துகிறது. இதற்கு அறிவியல் ஆதாரமும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நார்மன் ஃபிரான்ஸ் 1958இல் வெளியிட்ட மரம் வெட்டும் முறை பற்றிய ஆய்வு, சீவல் உருவாகும் விதத்தை மூன்றாகப் பிரித்தது. வாய் மிகவும் சாய்ந்து நுழைந்தால் மரம் வாய்க்கு முன்னே பிளந்து ஓடும். நார் எதிராக இருந்தால் சிலாம்பு பெயரும். நடுத்தரக் கோணத்தில் சீவல் அறுபடாமல் தொடர்ந்து வரும், பரப்பும் நன்றாக அமையும். வாய் நிமிர்ந்தோ பின்சாய்ந்தோ நின்றால் நார் வெட்டுப்படாமல் நசுங்கும். பரப்பில் பஞ்சு எழும். தட்டையாகப் பிடித்த ஸ்கிரேப்பர் இந்த மூன்றாம் வகையில் விழுகிறது. சரிவுமுகம் படிந்த கௌஜில் வாய் சாய்ந்திருந்தாலும், பின்னால் உள்ள முகம் மரத்தை அமுக்கிப் பிடிப்பதாலும் வாய் குறுக்குச்சாய்வாக நகர்வதாலும் பிளவு கட்டுக்குள் நிற்கிறது.

கிண்ணம் கடையும்போது இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். பலகையாக அறுத்த மரத்தில் கிண்ணம் கடைந்தால், ஒவ்வொரு சுற்றிலும் உளி இருமுறை நீளநாரையும் இருமுறை நார்முனையையும் சந்திக்கிறது. நிமிடத்துக்கு 1000 சுற்று என்றால் நாரின் நிலை நிமிடத்துக்கு 4000 முறை மாறுகிறது. கருவி சுரண்டினால் நார்முனை வரும் இரண்டு இடங்களில் மட்டும் பரப்பு சொரசொரத்து, எதிரெதிராக இரண்டு திட்டுகள் தெரியும். எவ்வளவு உப்புத்தாள் தேய்த்தாலும் எளிதில் போகாது.

இந்தத் தரப்பின் பலவீனம், தன் பாடத்தை எல்லா மரத்துக்கும் எல்லா இடத்துக்கும் நீட்டுவதில் இருக்கிறது. கருங்காலி போன்ற வைரம் பாய்ந்த, இறுகிய மரங்களில் வாயைப் பின்சாய்த்து மெல்லச் சுரண்டினால் பரப்பு பளபளப்பாக வரும்; சீவல் மிக மெலிந்திருப்பதால் நார் நசுங்குவதற்கு இடமில்லை. 1985இல் நூல் வெளியிட்ட ரிச்சர்ட் ராஃபன் போன்ற தேர்ந்த கடைசல்காரர்கள் கிண்ணத்தின் உட்பக்கத்தில் ஸ்கிரேப்பரைத் தாராளமாகவே பயன்படுத்துகிறார்கள். மேலும் ஃபிரான்சின் ஆய்வு நேர்க்கோட்டில் செல்லும் வாயைப் பற்றியது. கடைசலிலோ கைப்பிடியின் சிறு அசைவிலும் கோணம் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆய்வைத் திசைகாட்டியாகக் கொள்ளலாம், சட்டமாகக் கொள்ள முடியாது.

கிடைத்த எஃகும் கார்பைடு வில்லையும்

இரண்டாம் தரப்பு நடைமுறையைப் பேசுகிறது: கூர் நிற்கும் எதுவும் கருவிதான். இதன் வரலாறு வேறு தொழில்களிலிருந்து கடன்பெற்ற வரலாறு. வெட்டுச் சூட்டில் பதம் இழக்காத ஹைஸ்பீடு ஸ்டீலை 1900ஐ ஒட்டி பெத்லகேம் ஸ்டீல் நிறுவனத்தில் டெய்லரும் வைட்டும் இரும்பு கடைவதற்காக உருவாக்கினார்கள். கைப்பிடி உளிகளில் அது பரவலாக வருவதற்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆயிற்று. டங்ஸ்டன் கார்பைடு 1926இல் ஜெர்மனியின் குரூப் நிறுவனத்திலிருந்து ‘விடியா’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அதன் வில்லைகளைச் சதுரக் கம்பியின் நுனியில் திருகி மரம் கடைவது 2000த்துக்குப் பிறகுதான் பரவியது. இன்று எல்லோரும் ‘முறையான உளி’ என்று ஏற்கும் ஹைஸ்பீடு ஸ்டீல் கௌஜே ஒரு காலத்தில் இரும்புப் பட்டறையிலிருந்து வந்த அந்நியன் என்பதை இத்தரப்பு சரியாகவே நினைவூட்டுகிறது.

கார்பைடு கருவியின் சாதகம் தெளிவானது. சாணை பிடிக்க வேண்டாம். வாய் மழுங்கினால் வில்லையைத் திருப்பிக்கொள்ளலாம். சதுரக் கம்பி, லேத்தில் உளியை வைக்கும் தாங்கியின் மேல் தட்டையாக அமர்வதால் புரளுவதில்லை. புதியவர் முதல் நாளிலேயே உருவம் எடுத்துவிடலாம். பாதகமும் அதே அமைப்பில் இருக்கிறது. தட்டையான வில்லை சுரண்டும் கருவி. மென்மரத்திலும் நார்முனையிலும் மேலே சொன்ன சொரசொரப்பை விட்டுச்செல்லும். உப்புத்தாள் வேலை கூடும், அதோடு தூசியும் கூடும். கம்பியை 45 பாகை அளவில் சாய்த்துப் பிடிப்பது, குழிந்த வட்ட வில்லையைச் சரிவுமுகம் படியுமாறு பயன்படுத்துவது ஆகியவை இந்தக் குறையை ஓரளவு தீர்க்கின்றன. ஆனால் அப்போது கைத்திறனும் தேவைப்படுகிறது. ‘கற்காமலே கடையலாம்’ என்ற வாதம் அந்த அளவுக்குத் தளர்கிறது.

பழைய அரத்தை உளியாக்கும் பழக்கத்துக்கு இத்தனை தாராளம் காட்ட முடியாது. அரம் முழுதும் கடினமாகத் தோய்க்கப்பட்ட எஃகு; அது உரசுவதற்கானது, வளைவதற்கானதல்ல. அதன் ஒவ்வொரு பல்லின் அடியும் விரிசல் தொடங்கத் தோதான பள்ளம். மரம் வாயைக் கொளுவி இழுக்கும்போது மற்ற உளி வளையும் அல்லது கையிலிருந்து பிடுங்கப்படும். அரமோ தாங்கியின் விளிம்பில் படக்கென்று ஒடியும். பற்களை முழுக்கச் சாணையில் எடுத்து, மறுபடி பதம் கொடுத்து இளக்கியவர்கள் நல்ல ஸ்கிரேப்பர்கள் செய்திருக்கிறார்கள். அந்த வேலை செய்யாமல் பிடி மட்டும் போட்ட அரம், வாய் எவ்வளவு கூராக இருந்தாலும் கடைசலுக்கு ஆகாது. கார்பைடு வில்லையும் நொறுங்கும் பொருள்தான். ஆனால் அதை ஏந்தும் கம்பி சாதாரண எஃகு. நொறுங்கினால் ஒரு துணுக்கோடு போகும். அரம் ஒடிந்தால் கூரிய பாதி அப்படியே பறக்கும். இரண்டும் ‘வழக்கத்துக்கு மாறானவை’ என்ற ஒரே பெயருக்குள் அடங்கினாலும் தவறும் விதத்தில் அவற்றுக்கு எந்த ஒற்றுமையும் இல்லை.

உருவம் கேட்டதால் பிறந்த கருவிகள்

மூன்றாம் தரப்பு, கருவியைத் தேடிப் போகவில்லை. உருவத்தைத் தேடிப் போனதில் கருவி பிறந்தது என்கிறது. 1970களில் அமெரிக்காவின் டேவிட் எல்ஸ்வொர்த், சிறு வாய் வழியே உள்ளே குடைந்து மெல்லிய சுவருள்ள குடங்களைக் கடையத் தொடங்கினார். 1986இல் அமைந்த அமெரிக்க மரக்கடைசல் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. அப்படிப்பட்ட குடத்தின் தோளுக்கு அடியில் நேரான கருவி எட்டாது. ஆகவே வளைந்த கம்பியின் நுனியில் சிறு வெட்டுமுனை. முனை கண்ணுக்குத் தெரியாது. ஒலியும் கையில் உணரும் அதிர்வும்தான் வழிகாட்டி.

இங்கே நெம்புகோல் கணக்கு தவிர்க்க முடியாதது. தாங்கிக்கு முன்னே 50 மி.மீ. நீண்டு, பின்னே 500 மி.மீ. கைப்பிடி இருந்தால், முனையில் விழும் 100 நியூட்டன் விசையைக் கை 10 நியூட்டனால் அடக்கலாம். முன்னே 250 மி.மீ. நீண்டால் கைக்கு 50 நியூட்டன் வேண்டும். கம்பியின் வளைவோ நீட்டத்தின் மும்மடியில் ஏறும்: நீட்டம் இருமடங்கானால் தொய்வு எட்டு மடங்கு. வளைந்த கருவியில் இன்னொன்றும் சேர்கிறது. முனை கம்பியின் அச்சிலிருந்து விலகியிருப்பதால் ஒவ்வொரு வெட்டும் கருவியைப் புரட்டப் பார்க்கிறது. வளைவுக்குப் பின்னுள்ள நேர்ப்பகுதி மட்டுமே தாங்கியில் அமர வேண்டும் என்ற விதி இதனால் வந்தது. பிற்காலத்தில் புரட்டும் விசையைக் கைக்கு வராமல் சட்டத்துக்கே அனுப்பும் பொறியமைப்புகள் வந்தன. முனை எங்கே இருக்கிறது என்று லேசர் புள்ளியால் காட்டும் முறையும் சேர்ந்தது. இத்தரப்பின் வலிமை இதுதான்: புதிய கருவியோடு அதன் விசையை யார் சுமப்பது என்ற கேள்வியையும் சேர்த்தே தீர்க்க முயன்றது.

கருவியும் சுழன்றால்

நான்காம் தரப்பு, ‘கருவி நிற்கும்’ என்ற அடிப்படையையே மாற்றுகிறது. இதுவும் புதிதல்ல. லண்டனின் ஹோல்ட்சாஃபெல் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டில் விற்ற அலங்காரக் கடைசல் லேத்துகளில், மரம் அசையாமல் நிற்க, சுழலும் சிறு வெட்டிகள் பூவேலை செய்தன. அமெரிக்காவின் தாமஸ் பிளாஞ்சர்ட் 1819இல் காப்புரிமை பெற்ற லேத், மெல்லச் சுழலும் மரத்தை வேகமாகச் சுழலும் வெட்டுச் சக்கரத்தால் செதுக்கி, துப்பாக்கிக் கட்டை போன்ற வட்டமல்லாத உருவங்களையும் வார்ப்புரு பார்த்துக் கடைந்தது. இன்று லேத்தில் மெல்லச் சுழலும் கட்டையின் மேல் கையில் பிடித்த கிரைண்டரை வைத்துச் செதுக்குவோர், தாங்கள் செய்வதும் இதுவே என்கிறார்கள்.

வெட்டும் முறையில் ஒற்றுமை உண்டு, விசையின் பாதையில் இல்லை. 300 மி.மீ. விட்டமுள்ள கிண்ணம் 1000 சுற்றில் சுழன்றால் அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 16 மீட்டர் ஓடுகிறது. 100 மி.மீ. வட்டு பூட்டிய கிரைண்டர் 11,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு வேகம் நொடிக்கு 57 மீட்டருக்கு மேல். பிளாஞ்சர்டின் சக்கரம் இயந்திரச் சட்டத்தில் பிணைந்திருந்தது. எதிருதை இரும்பில் போய் அடங்கியது. கையிலுள்ள கிரைண்டருக்குத் தாங்கி கிடையாது. சங்கிலிப் பல் மரத்தைக் கொளுவினால் எதிருதை முழுவதும் மணிக்கட்டுக்கும் முகத்துக்கும் வருகிறது. ஆகவே சுழலும் கருவியை மொத்தமாகக் கண்டிப்பதற்குக் காரணம் இல்லை. தாங்கியில்லாத சுழலும் கருவியை ஏற்பதற்குத்தான் காரணம் இல்லை.

அளவுகோலும் மறுப்புகளும்

இந்த நான்கு தரப்புகளையும் அருகருகே வைத்தால், ‘எந்தக் கருவி’ என்பதைவிட ‘தவறினால் என்ன ஆகும்’ என்பதே அவற்றைத் தெளிவாகப் பிரிக்கிறது. இதற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, விபத்துக்குக் காரணம் கை, கருவியல்ல என்பது. இதற்குப் பதிலை வழக்கமான உளித் தொகுதியே தருகிறது. உருளைக் கட்டையை உருட்டியெடுக்கும் அகன்ற ரஃபிங் கௌஜைக் கிண்ணத்தில் பயன்படுத்தக் கூடாது என்பது இன்றைய பயிற்சிகளின் உறுதியான எச்சரிக்கை. தகட்டிலிருந்து அடிக்கப்பட்ட அந்த உளி, கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் ஒடுங்கியிருக்கிறது. கிண்ணத்தின் நார்முனை அதன் அகன்ற வாயைக் கொளுவினால் அந்தக் கழுத்தில் ஒடியும். பெயர்பெற்ற உளி, தேர்ந்த கை, இரண்டும் இருந்தும் ஒடியும். வழக்கம் என்பது குறிப்பிட்ட நிலைமைக்கான வழக்கம். நிலைமை மாறினால் வழக்கமான கருவியும் விபரீதக் கருவியாகிவிடும்.

இரண்டாவது மறுப்பு ஆழமானது. தவறும் வாய்ப்பையெல்லாம் நீக்கிவிட்டால் கைத்தொழிலில் எஞ்சுவது என்ன? டேவிட் பை 1968இல் வெளியிட்ட நூலில், விளைவு ஒவ்வொரு நொடியும் செய்பவரின் கவனத்தைச் சார்ந்திருக்கும் இடர்வேலை, விளைவு முன்கூட்டியே உறுதியான வேலை என இரண்டாகப் பிரித்தார். அந்தப் பிரிவை வைத்து, வில்லைக் கருவிகளும் பிணைத்த கம்பிகளும் கடைசலின் உயிரைப் போக்குகின்றன எனலாம். ஆனால் பை பேசிய இடர் பொருளுக்கு வரும் இடர், கைவிரலுக்கு வரும் இடர் அல்ல. அவரே மரப் பாத்திரங்களில் வரிவரியாகப் பள்ளம் இறக்கத் தானே ஒரு வழிகாட்டிப் பொறி செய்துகொண்டார். கருவியைக் கட்டுப்படுத்துவதும் கவனத்தைக் காப்பதும் முரணல்ல என்பதற்கு அவருடைய பணியே சான்று. பொருள் கெடும் வாய்ப்பு கைவினைஞரின் மதிப்புக்குரியது, காக்கப்பட வேண்டியது. உடல் கெடும் வாய்ப்புக்கு அப்படி எந்தப் பெருமையும் இல்லை.

மூன்றாவது, முதன்முதலாக முயலும் கருவி எப்படித் தவறும் என்று முன்கூட்டி எப்படித் தெரியும் என்பது. முழுதும் தெரியாதுதான். ஆனால் நீட்டம், கழுத்தின் பருமன், எஃகின் பதம், விளிம்பு வேகம், தாங்கியில் அமரும் விதம் ஆகிய ஐந்தையும் மரத்தைச் சுழற்றும் முன்பே பார்த்துவிடலாம். குறைந்த வேகம், சிறிய கட்டை, குறுகிய நீட்டம் என்று தொடங்குவது புதுமைக்குத் தடையல்ல. புதுமை நிலைப்பதற்கான வழி.

முடிவாகாதவை

இந்த அளவுகோலும் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. நொடியில் நிகழும் தவறை அது நன்றாகப் பிடிக்கிறது. ஆண்டுக்கணக்கில் சேரும் தீங்கை அவ்வளவு எளிதில் பிடிப்பதில்லை. மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் சேர்த்தது. சுரண்டும் கருவியும் கிரைண்டரும் சீவலைவிட அதிகமாகத் தூசியைத் தருகின்றன. கையில் பாதுகாப்பாக அமரும் கார்பைடு வில்லை, நுரையீரல் கணக்கில் கௌஜைவிடப் பின்தங்கக்கூடும். இந்த இரண்டு கணக்குகளையும் எப்படி ஒன்றாக எடைபோடுவது என்பது முடிவாகவில்லை. வில்லைக் கருவியில் தொடங்குபவர் பின்னர் சரிவுமுகத்தின் உணர்வை எளிதாகப் பிடிக்கிறாரா, அல்லது அதைத் தேடும் அவசியமே இல்லாமல் நின்றுவிடுகிறாரா என்பதிலும் பயிற்றுவோரிடையே உடன்பாடு இல்லை. யாமனகாவைப் போல் கருவி செய்வதையும் கடைவதையும் ஒரே கல்வியாக வைத்த முறை, கருவியைக் கடையில் வாங்கும் உலகத்துக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதும் விவாதத்துக்குரியது.

இதுவரை உள்ள சான்றுகளைக் கொண்டு இவ்வளவு சொல்லலாம். வெட்டுவோர் தரப்பு பரப்பைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் சரி, ஆனால் மரத்தின் கடினத்துக்கேற்ப விலக்குகள் உண்டு. நடைமுறைத் தரப்பு வரலாற்றைப் பற்றிச் சொல்வது சரி, ஆனால் கூரை மட்டும் பார்த்து உறுதியை மறந்துவிடுகிறது. உருவத்திலிருந்து கருவிக்கு வந்தவர்களே விசையின் கணக்கை அதிகம் மதித்திருக்கிறார்கள். ஆகவே புதிதாக முயல்வோர் முதலில் பயில வேண்டியது அவர்களிடம்தான். புதிய கருவியை முயல்வது கடைசல் தொழிலுக்கு ஆபத்தல்ல. அத்தொழில் வளர்ந்ததே அப்படித்தான். முயலும் கருவி எப்படி உடையும் என்று கேட்காமல் முயல்வதுதான் ஆபத்து. அந்தக் கேள்வியை, கூர் ஏற்றக் கற்றுக்கொடுக்கும் முதல் பாடத்திலேயே சேர்த்துச் சொல்லித்தர வேண்டும்.